வாய் திறந்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும்! – துப்பறியும் நாவலில் மோதல் செய்யும் வேலை



மலருக்குக் கட்டுரை கேட்டுச் சங்கச் செயலாளர் வகுப்பு வகுப்பாக வந்தபோது, மெக்கானிக்கல் பையன் டீசல் இன்ஜினைப் பற்றி எழுதுவான் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இந்த வருஷம் என்னை அதிகமாக யோசிக்க வைத்தது இன்ஜின் இல்லை, ஒரு கதைப் புத்தகம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நடுவில் நம்ம ஹாஸ்டல் சமாச்சாரம் ஒன்றும் வரும். பொறுமையாகப் படியுங்கள்.

புத்தகத்தின் பெயர் 'தி மூன்ஸ்டோன்'. எழுதியவர் வில்கி காலின்ஸ். 1868-ல், சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய 'ஆல் தி இயர் ரவுண்ட்' என்ற வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்தது. ஆங்கிலத் துப்பறியும் நாவல்களுக்கு முன்னோடி என்று இதைச் சொல்வார்கள். நமக்கெல்லாம் தெரிந்த ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலில் அச்சில் வந்தது 1887-ல். அதற்கும் 19 வருஷம் முந்தியது இது.

நான் முதலில் படித்தது நூலகத்தில் இருந்த சுருக்கப் பதிப்பு. பிறகு ஆங்கில மேடம் தன்னுடைய முழுப் புத்தகத்தைக் கொடுத்து, "புரியலைன்னா பரவாயில்லை, விடாமப் படி" என்றார். பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் படித்தேன்.

பொங்கல் லீவில் ஊருக்குப் போனபோது கதையை அப்பாவிடம் சொன்னேன். அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. கையெழுத்து மட்டும் போடுவார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான் முதல். கட்டிலில் படுத்துக்கொண்டே முழுக் கதையையும் கேட்ட அப்பா, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்ப்பா, அந்தப் பொண்ணு கண்ணால பாத்ததை மறுநாளே வாயத் தொறந்து சொல்லியிருந்தா கதை அங்கேயே முடிஞ்சிருக்குமே. ஏன் சொல்லல?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடியதுதான் இந்தக் கட்டுரை.

மோதல் என்றால் என்ன?

மோதல் என்றதும் நமக்குச் சினிமா ஸ்டண்ட் காட்சிதான் ஞாபகம் வரும். கதையில் மோதல் என்பது அது மட்டும் இல்லை. ஒருவருக்கு ஒன்று வேண்டும். அதற்குக் குறுக்கே இன்னொருவரோ, ஒரு சூழ்நிலையோ, அவருடைய மனசேயோ நிற்கிறது. அதுதான் மோதல்.

நாம் பெல்ட் டிரைவ் படித்திருக்கிறோம். பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே உராய்வு இல்லையென்றால் என்ன ஆகும்? மோட்டார் பாட்டுக்குச் சுற்றும், மெஷின் அப்படியே நிற்கும். சக்தியைக் கடத்துவதே அந்த உராய்வுதான். கதைக்குள் உராய்வின் வேலையைச் செய்வது மோதல். ஒரு மோதல் முடிந்த பிறகு, அதற்கு முன்னால் இருந்த நிலைமை மாறியிருக்க வேண்டும். மாறாவிட்டால் பெல்ட் வழுக்குகிறது என்று அர்த்தம்! பக்கம்தான் ஓடும், கதை ஓடாது.

இந்த அளவுகோலோடு நாவலைப் பார்ப்போம். கதையின் முக்கால்வாசியைச் சொல்லிவிடப் போகிறேன். வைரம் கடைசியில் யார் கையில் சிக்கியது என்ற ஒரு பெயரை மட்டும் மறைத்துக்கொள்கிறேன். அதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

1. செத்தவர் விட்டுப்போன சண்டை

கதை நம் நாட்டில் தொடங்குகிறது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டையை ஆங்கிலேயப் படை பிடிக்கிறது. திப்பு சுல்தான் வீழ்ந்த அதே போர்தான். அந்தக் கலவரத்தில் ஹெர்ன்காசில் என்ற அதிகாரி, கோயில் விக்கிரகத்துக்குச் சொந்தமான பெரிய மஞ்சள் வைரத்தை எடுத்துக்கொள்கிறான். காவலுக்கு இருந்த மூன்று பிராமணர்கள் கொல்லப்படுகிறார்கள். அவன் கொன்றதை நேரில் கண்டவர் இல்லை. அதே படையில் இருந்த அவனுடைய உறவினருக்குச் சந்தேகம் உண்டு, நிரூபணம் இல்லை. ஆகவே புகார் கொடுக்காமல், பேச்சை மட்டும் நிறுத்திக்கொள்கிறார்.

கவனியுங்கள் நண்பர்களே, முதல் அத்தியாயத்திலேயே ஒருவர் வாயை மூடிக்கொள்கிறார்!

இங்கிலாந்து திரும்பிய ஹெர்ன்காசிலைக் குடும்பம் ஒதுக்குகிறது. தங்கை மகளின் பிறந்தநாளுக்கு வந்தவனை வாசலோடு திருப்பி அனுப்புகிறார்கள். பிறகு அவன் செத்துப்போகிறான். உயிலைப் பார்த்தால், அந்த வைரத்தை அதே தங்கை மகள் ரேச்சலுக்குப் பிறந்தநாள் பரிசாக எழுதி வைத்திருக்கிறான். இது பாசமா, பழிவாங்கலா? கதைக்குள்ளேயே இதைப் பற்றி ஒரு வாக்குவாதம் நடக்கிறது. எதுவாக இருந்தாலும் விளைவு ஒன்றுதான். வைரம் வீட்டுக்குள் வருகிறது. அதை மீட்கப் புறப்பட்ட மூன்று இந்தியர்களும் வித்தை காட்டுபவர்கள் போல வேஷம் போட்டு வாசல்வரை வருகிறார்கள். சண்டை போட்டவர் போய்விட்டார், சண்டை மட்டும் சொத்தாக வந்து சேர்ந்தது.

2. சாப்பாட்டு மேசையில் ஒரு சின்ன வாக்குவாதம்

1848 ஜூன் 21. ரேச்சலுக்கு 18 வயது நிறைகிறது. (எனக்கும் அதே வயசுதான்! எனக்குப் பிறந்தநாளைக்குக் கிடைத்தது ஒரு பேனா.) வைரத்தைக் கொண்டுவந்து கொடுப்பவன் அவள் உறவுக்காரன் பிராங்க்ளின் பிளேக். அவனுக்கு அவள் மேல் காதல். சுருட்டு வாடை அவளுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகச் சுருட்டை ஒரேயடியாக விட்டுவிட்டான். அதனால் ராத்திரி தூக்கமே வரவில்லை.

பிறந்தநாள் விருந்தில் டாக்டர் கேண்டி, "மருந்து சாப்பிடு, தூக்கம் வரும்" என்கிறார். பிராங்க்ளின், மருந்து சாப்பிடுவதும் இருட்டில் தடவுவதும் ஒன்றுதான் என்கிற மாதிரி கிண்டலாகப் பதில் சொல்கிறான். டாக்டருக்கு ரோஷம் வந்துவிடுகிறது. இரண்டு பேரும் சத்தம் போட, வீட்டு அம்மாள் தலையிட்டு அடக்குகிறார். அவ்வளவுதான். படிக்கும்போது இதை நாம் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ள மாட்டோம். ஆனால் மொத்த மர்மத்துக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

தன் மருந்தின் வலிமையைக் காட்ட, டாக்டர் அன்று ராத்திரி பிராங்க்ளினுக்குத் தெரியாமலேயே அபின் கலந்த மருந்தைக் கொடுக்க ஏற்பாடு செய்துவிடுகிறார். வைரம் பத்திரமாக இருக்குமா என்ற கவலையோடு படுத்த பிராங்க்ளின், அந்த மயக்கத்தில் எழுந்து நடந்து, ரேச்சலின் அறைக்குள் போய் வைரத்தை எடுக்கிறான். காலையில் அவனுக்கு எதுவுமே ஞாபகம் இல்லை. இந்த விவரமெல்லாம் நமக்குக் கடைசிப் பகுதியில்தான் தெரியவரும்.

பெரிய மோதல்தான் கதையைத் தள்ளும் என்று இல்லை. பாத்திரங்களின் சுபாவத்திலிருந்து பிறந்த மோதல் என்றால் சின்னதே போதும். கிண்டல் செய்யும் இளைஞன் ஒருவன், ரோஷக்கார டாக்டர் ஒருவர். இருவரில் ஒருவர் வேறு சுபாவத்தவராக இருந்திருந்தால் வைரம் அலமாரியிலேயே இருந்திருக்கும்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். அன்று ராத்திரி மழையில் நனைந்த டாக்டருக்குக் காய்ச்சல் கண்டு, ஞாபக சக்தியே போய்விடுகிறது. உண்மையைச் சொல்ல வேண்டியவர் இப்படிச் சொல்ல முடியாமல் போவது தற்செயல், மோதல் இல்லை. இந்த இடத்தில் ஆசிரியர் கொஞ்சம் சலுகை எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

3. திறக்காத அலமாரி

உள்ளூர்ப் போலீஸ் அதிகாரி வந்து வேலைக்காரர்களை மிரட்டுகிறார். காரியம் ஆகவில்லை. லண்டனிலிருந்து சார்ஜென்ட் கஃப் வருகிறார். மெலிந்த உருவம், ரோஜாச் செடி என்றால் உயிர். அவர் கண்ணில் படுவது, ரேச்சல் அறைக் கதவின் புதுப் பெயின்ட்டில் இருக்கும் ஒரு சின்னத் தீற்றல். பெயின்ட் காய எத்தனை மணி நேரம் ஆகும், கடைசியாகக் கதவு நன்றாக இருந்ததைப் பார்த்தது யார் என்று விசாரித்து, நள்ளிரவுக்கும் மூன்று மணிக்கும் இடையில்தான் ஒருவரின் துணி அதில் உரசியிருக்கிறது என்று கணக்குப் போடுகிறார். நம்ம வொர்க்‌ஷாப்பில் அளவெடுக்கிற மாதிரியே இருந்தது எனக்கு! பெயின்ட் பட்ட துணியைக் கண்டுபிடித்தால் போதும். ஆகவே வீட்டில் உள்ள எல்லோருடைய துணி அலமாரியையும் சோதிக்க வேண்டும் என்கிறார்.

எல்லோரும் சம்மதிக்கிறார்கள். வைரத்தைப் பறிகொடுத்த ரேச்சல் மட்டும் முடியாது என்கிறாள். காரணமும் சொல்ல மறுக்கிறாள்.

இதுதான் நாவலின் நடு மையமான மோதல். உண்மை வேண்டும் என்று ஒருவர், வாய் திறக்க மாட்டேன் என்று ஒருத்தி. அடிதடி இல்லை, ஆனால் கதை தடம் மாறிவிடுகிறது. அவ்வளவு கெட்டிக்காரரான கஃப், அந்த மறுப்பைக் குற்றம் என்று எடுத்துக்கொள்கிறார். ரகசியக் கடனுக்காக ரேச்சலே வைரத்தை மறைத்துவிட்டாள் என்று முடிவு கட்டுகிறார். தாயார் நம்பவில்லை. கூலியைக் கொடுத்து அவரை அனுப்பி வைக்கிறார். கணக்கெல்லாம் சரி, விடை மட்டும் தப்பு!

இந்த இடம் வந்ததும் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மேலே படிக்க முடியவில்லை. காரணம் சொல்கிறேன்.

முதல் வருஷம் என் மினி டிராஃப்டர் காணாமல் போனது. அப்பா சூளையில் முன்பணம் வாங்கி வாங்கிக் கொடுத்தது அது. மறுநாள் ஷீட் வைக்க வேண்டும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ரூமில் எல்லோரும் அவரவர் டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினார்கள். ஒருவன் மட்டும் காட்டவில்லை. "நான் எடுக்கலைடா" என்று சொல்லிவிட்டுப் பெட்டி மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

"எடுக்கலைன்னா தொறந்து காட்ட வேண்டியதுதானே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டவன் நான்தான்.

மூன்றாம் நாள் டிராயிங் ஹால் பீரோவுக்குப் பின்னாலிருந்து டிராஃப்டர் கிடைத்தது. சாய்த்து வைத்தவனும் நானேதான், மறந்தவனும் நானேதான். அந்த வாரமே அவன் வேறு ரூமுக்கு மாறிப் போய்விட்டான். அப்புறம் என்னோடு பேசவில்லை. அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது? அது எனக்கு ஒரு வருஷம் தெரியாது. கட்டுரையின் கடைசியில் சொல்கிறேன்.

4. கடிதத்தைத் தடுத்த கோபம்

ரோசன்னா என்று ஒரு வேலைக்காரப் பெண். முன்பு திருட்டுக் குற்றத்துக்காகச் சிறையில் இருந்தவள். திருந்தி வந்தவளுக்கு அந்த வீட்டு அம்மாள் வேலை கொடுத்திருக்கிறார். அவள் மனதுக்குள் பிராங்க்ளின் மேல் ஆசை. பெயின்ட் பட்ட ராத்திரி அங்கி அவனுடையது என்று முதலில் கண்டுபிடிப்பவள் அவள்தான். அவனைக் காப்பாற்ற அதை ஒளித்து வைக்கிறாள். அவனிடம் பேச இரண்டு மூன்று தடவை முயல்கிறாள். அவனோ, கஃப் பக்கத்தில் இருக்கும்போது அவளைச் சிக்க வைக்கக் கூடாதே என்று, அவள் மேல் தனக்கு அக்கறை எதுவும் இல்லை என்று உரக்கச் சொல்கிறான். நல்லதுக்குச் சொன்ன சொல் அவள் காதில் வேறு மாதிரி விழுகிறது. கடற்கரைப் புதைமணலில் அவள் உயிர் போகிறது.

அவள் எழுதி வைத்த கடிதம் லூசி என்ற கால் ஊனமுற்ற தோழியிடம் இருக்கிறது. லூசிக்குப் பிராங்க்ளின் மேல் தீராத கோபம். அவனே நேரில் வந்தால்தான் கொடுப்பேன் என்கிறாள். அவனோ, ரேச்சல் முகம் கொடுத்துப் பேசாததால் மனம் வெறுத்து வெளிநாடு போய்விட்டான். ஏறக்குறைய ஒரு வருஷம் உண்மை ஒரு மீனவக் குடிசையில் தூங்குகிறது.

மோதல் கதையை முன்னால் தள்ளுவதோடு நிற்பதில்லை, பிரேக்கும் போடுகிறது. அந்தத் தாமதத்துக்குள்தான் வைரம் கைமாறுகிறது, ரேச்சலின் தாயார் இறக்கிறார், ரேச்சல் வேறொருவருக்கு நிச்சயம் ஆகி அது முறிகிறது.

5. தேடியவனே திருடன்

திரும்பி வந்த பிராங்க்ளின் கடிதத்தை வாங்கிப் படித்து, புதைமணலில் ஒளித்திருந்த தகரப் பெட்டியை எடுத்துத் திறக்கிறான். பெயின்ட் பட்ட அங்கி இருக்கிறது. அதில் பெயர் தைத்திருக்கிறது. அவனுடைய பெயர்!

இதுவரை அவன் பிறரோடு மோதினான். இனிமேல் தன்னோடேயே மோத வேண்டும். நேரே ரேச்சலிடம் போகிறான். அவள் ஒரு வருஷமாக அடக்கி வைத்ததை அப்போதுதான் கொட்டுகிறாள். அவன் வைரத்தை எடுத்ததைத் தன் கண்ணாலேயே பார்த்தாளாம்.

பிறகு எஸ்ரா ஜென்னிங்ஸ் வருகிறார். டாக்டர் கேண்டியின் உதவியாளர். தோற்றத்துக்காகவும் ஒரு பழிச்சொல்லுக்காகவும் ஊரே ஒதுக்கி வைத்த மனிதர். காய்ச்சலில் டாக்டர் பிதற்றிய அரைகுறை வார்த்தைகளை எழுதி வைத்து, இடைவெளியை நிரப்பி, அபின் விஷயத்தைக் கண்டுபிடிப்பவர் இவரே. பழி சுமந்தவருக்குத்தான் பழி சுமப்பவனைப் புரிந்தது. அதே வீடு, அதே அறை, மறுபடி சுருட்டை நிறுத்தித் தூக்கத்தைக் கெடுத்து, அதே மருந்து என்று சோதனையைத் திரும்ப நடத்துகிறார். நம்ம லேப் மாதிரியேதான். அபின் மயக்கத்தில் பிராங்க்ளின் மறுபடியும் எழுந்து போய் எடுக்கிறான். அவன் திருடன் இல்லை என்று நிரூபணம் ஆகிறது. அன்று ராத்திரி அவன் கையிலிருந்து வைரம் எங்கே போனது என்பது மிச்சக் கதை.

அப்பாவுக்குப் பதில்

ரேச்சல் ஏன் மறுநாளே சொல்லவில்லை? சொன்னால் அவன் மானம் போகும், ஜெயிலுக்கும் போவான். சொல்லாவிட்டால் பழி தன் மேல் விழும். அவன் திருடன் என்று அவள் நம்பினாள், அவனை நேசிக்கவும் செய்தாள். இரண்டில் ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் அவள் பேசியிருப்பாள். இரண்டும் சேர்ந்ததால் வாய் கட்டிப்போனது. அவனும், உனக்கு எல்லாம் தெரியுமே என்று அவள் எண்ணிக்கொண்டிருப்பது தெரியாமல், திருடனைப் பிடிக்க ஓடி ஓடி வேலை செய்தான். அது அவள் கண்ணுக்குப் பச்சை நடிப்பாகத் தெரிந்தது.

ஆகவே நான் கண்டது இதுதான். நல்ல துப்பறியும் நாவலில் முக்கியமான மோதல் திருடனுக்கும் போலீசுக்கும் நடுவில் இல்லை. கேட்பவருக்கும் சொல்ல முடியாதவருக்கும் நடுவில் இருக்கிறது. ஒவ்வொரு மௌனத்துக்கும் பின்னால் ஒரு நியாயம் வேண்டும். சும்மா ஆசிரியர் மறைத்து வைத்தால் நமக்கு எரிச்சல் வரும். அந்தப் பாத்திரமே மறைத்தால் நமக்கு இரக்கம் வரும்.

இன்னொரு விஷயம். ஆரம்பத்தில் எல்லோருடைய சந்தேகமும் அந்த மூன்று இந்தியர்கள் மேல்தான். ஆனால் அன்று ராத்திரி வைரத்தை எடுத்தது அவர்கள் இல்லை. வைரமோ அவர்கள் கோயிலுடையது. கடைசியில் அது சோமநாதத்துக்கே திரும்புகிறது. அவர்கள் கையிலும் ரத்தம் உண்டு. ஆசிரியர் அதை மறைக்கவில்லை. ஆனாலும், உண்மையில் யார் வீட்டுப் பொருளை யார் திருடியது என்ற கேள்வியை, நம்மை அவர்கள் ஆண்ட காலத்திலேயே ஒரு ஆங்கிலேயர் தன் வாசகர்கள் முன் வைத்திருக்கிறார்.

படிக்கும்போது கேட்க வேண்டியவை

எந்தத் துப்பறியும் கதையை எடுத்தாலும் இந்த நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்:

1. இந்த இடத்தில் யாருக்கு என்ன வேண்டும்? குறுக்கே நிற்பது எது?
2. இந்த மோதலுக்குப் பிறகு என்ன மாறியது?
3. யார் பேசாமல் இருக்கிறார்? பேசினால் அவருக்கு என்ன நஷ்டம்?
4. இது சுபாவத்தால் நடந்ததா, தற்செயலாக நடந்ததா?

மூன்றாவது கேள்வி கதைக்கு மட்டும் இல்லை என்பதைத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

புத்தகத்தை முடித்த வாரம், மெஸ் வாசலில் அந்த நண்பனைப் பார்த்து, "அன்னைக்கு நான் கேட்டது தப்புடா" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு அவனாகவே சொன்னான். மெஸ் பாக்கி கட்ட முடியாமல் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தியிருந்தானாம். ஊரிலிருந்து அவன் அம்மா கொடுத்து அனுப்பிய அவலும் வெல்லமும்தான் பெட்டிக்குள் இருந்தது. விளக்கு அணைந்த பிறகு அதைத் தின்றுதான் படுத்திருக்கிறான். அதை எப்படி எல்லோர் முன்னாலும் திறந்து காட்டுவான்?

"டிராஃப்டர் கிடைச்சுதுல்ல, விடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். நாங்கள் பழையபடி ஆகிவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். பார்த்தால் தலையாட்டுகிறான். இதை எழுத அவனிடம் அனுமதி கேட்டேன். "பேரு மட்டும் போடாதே" என்றான். போடவில்லை.

கஃப் எவ்வளவு பெரிய நிபுணர்! அவரே ஒருத்தியின் மௌனத்தைத் தப்பாகப் படித்துவிட்டார். நான் எம்மாத்திரம்? அடுத்த தடவை ஒருவன் பெட்டியைத் திறக்க மறுத்தால், எடுத்தானா என்பதற்கு முன்னால், திறந்தால் அவனுக்கு என்ன போகும் என்று யோசிப்பேன்.

புத்தகம் நூலகத்தில் இருக்கிறது, சுருக்கப் பதிப்புதான். ஆரம்பத்தில் கஷ்டமாக இருந்தாலும் விடாமல் படியுங்கள் நண்பர்களே. அந்த ஒரு பெயரைக் கண்டுபிடித்தவர்கள் என்னிடம் வந்து சொல்லுங்கள்!